அடக்கிப் பழகியவள்

அசையாமல் இருங்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், அதுவரை சிவனே என்று கிடந்த மூக்கு அரிக்க ஆரம்பித்துவிடும். சண்முகவடிவுக்கும் அப்படித்தான் ஆனது. பலகையோடு அவளை அந்த வெள்ளைக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, காதில் பஞ்சை அடைத்து அதற்கு மேல் ஹெட்போனையும் மாட்டிவிட்டு, கையில் ஒரு ரப்பர் உருண்டையைத் திணித்து, "ரொம்ப முடியலைன்னா மட்டும் இதை அமுக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டு ஸ்கேன் எடுக்கிறவன் கண்ணாடிக்கு அந்தப்புறம் போய் உட்கார்ந்துகொண்டான். ரொம்ப முடியலைன்னா மட்டும். அந்த 'மட்டும்' இருக்கிறதே, அதைக் கேட்டதும் அவளுக்குச் சுருக்கென்றது. கொஞ்சம் முடியாதவர்கள் என்ன செய்வார்களாம்? ரொம்ப என்பது எவ்வளவு, கொஞ்சம் என்பது எவ்வளவு, யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? மூக்கு அரித்தது. அரிக்கிற இடம் மூக்குத்தி இருந்த இடம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் குத்தியது, புருஷன் தவறியபோதுகூடக் கழற்றாதது, இன்றைக்கு ஒரு ஸ்கேனுக்காகக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். திருகாணி துருப்பிடித்ததுபோல் இறுகிக் கிடந்தது, அங்கே இருந்த நர்சம்மா எண்ணெய் விட்டுத் திருகி எடுப்பதற்குள் கண்ணில் நீர் வந்துவிட்டது. தங்கம் தானேம்மா, தங்கம் காந்தத்துக்கு ஒட்டாதே என்று அவள் கேட்டதற்கு, ரூல்ஸ் என்று ஒற்றை வார்த்தையில் வாயை அடைத்துவிட்டாள் அந்த நர்சம்மா. கழற்றிய மூக்குத்தியை யாரிடம் கொடுத்தார்கள்? மாப்பிள்ளையிடம். எல்லாவற்றையும் மாப்பிள்ளையிடம்தான் கொடுக்கிறார்கள். ஊக்கு, வளையல், மூக்குத்தி, டாக்டர் சீட்டு, அவளுடைய வலி, எல்லாமே இப்போது மாப்பிள்ளை கையில்தான் இருக்கிறது. அந்த ஸ்கேன்காரன் அவருக்குத் தெரிந்த பையனாம், அதனால் வெளியே காத்திருக்காமல் உள்ளேயே, கண்ணாடிக்கு அந்தப்புறம், அவன் பக்கத்திலேயே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். "அத்தை, நான் இங்கேயேதான் இருக்கேன், பயப்படாதீங்க" என்று மைக்கில் வேறு சொன்னார். அவர் அங்கேயே இருப்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது, அதை எப்படிச் சொல்வது.

சத்தம் ஆரம்பித்தது. டொக் டொக் என்று முதலில் மரியாதையாகக் கதவைத் தட்டுகிறமாதிரி வந்தது, பிறகு திடீரென்று ரோட்டைத் தோண்டுகிறவர்கள் தலைமாட்டில் வந்து நின்றுகொண்டதுபோல் கடகடவென்று அதிர்ந்தது. முதுகுக்குள் இருக்கிற ஒரு கொழுக்கட்டையைப் பார்க்க இத்தனை ஆர்ப்பாட்டம். கொழுக்கட்டை என்று அவள் சொல்லவில்லை, டாக்டர் சொன்னது. முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டைகளாம், ஒவ்வொரு கட்டைக்கும் நடுவில் ஒரு மெத்தையாம், அதற்குப் பெயர் டிஸ்க்காம். "கொழுக்கட்டை மாதிரின்னு வச்சுக்கங்களேன், வெளியில மாவு, உள்ளே பூரணம். குனிஞ்சு, திரும்பி, வெயிட் தூக்கி, வருஷக்கணக்கா அமுக்கிக்கிட்டே இருந்தா மாவு கிழிஞ்சு பூரணம் பின்பக்கமா பிதுங்கும். பிதுங்கின பூரணம் பக்கத்துல போற நரம்பை அழுத்தும். அதான் இடுப்புல ஆரம்பிச்சுக் கால் வழியா மின்னல் மாதிரி இறங்குது." டிஸ்க் நழுவிவிட்டது என்று எல்லாரும் சொல்வார்கள், ஆனால் அது தட்டு மாதிரி எங்கேயும் நழுவுவதில்லை, பிதுங்குவதுதான், என்று அவர் சொன்னபோது சண்முகவடிவுக்கு அழுகை வருகிற நேரத்திலும் ஒரு எரிச்சல் வந்தது. நழுவினால் என்ன, பிதுங்கினால் என்ன, எனக்கு வலிக்கிறதே ஐயா. அதைவிட எரிச்சல், இனிமேல் பிள்ளையார் சதுர்த்திக்குக் கொழுக்கட்டை பிடிக்கும்போதெல்லாம் இந்த நினைப்பு வந்து தொலைக்கப் போகிறது. நிஜமாகவே ஆத்திரம் எங்கே என்றால், அது கிழிந்த நேரம். இத்தனை வருஷமாக ஜவுளிக்கடையில் பட்டுச்சேலைக் கட்டைத் தூக்கியபோதெல்லாம் கிழியாத மாவு, போன மாதம் ஒரு ஊக்கை எடுக்கக் குனிந்தபோது கிழிந்தது. ஒரு ஊக்கு! கல்யாணச் சேலை எடுக்க வந்த ஒரு பெண்ணின் முந்தானையிலிருந்து கீழே விழுந்த ஊக்கு. அந்தப் பெண் காலில் குத்திவிடுமே என்று குனிந்தாள். குனிந்தவள் குனிந்தபடியே நின்றுவிட்டாள். "அக்கா, அந்த மாம்பழ மஞ்சளையும் எடுங்களேன்" என்று அந்தப் பெண் கேட்டுக்கொண்டிருந்தது. சண்முகவடிவுக்குத் தரையும் ஊக்கும்தான் தெரிந்தன. ஊக்குக்கு என்ன எடை இருக்கும்? காற்றுக்கு இருக்கிற எடைதான் இருக்கும். அதற்குப் போய் உடம்பு இப்படிப் பழி வாங்குமா? இத்தனை நாள் தூக்கிய சுமையெல்லாம் அப்போதே கணக்குத் தீர்த்திருந்தால் கடைக்காரர்கள் கண்ணில் பட்டிருக்கும். ஊக்கில் வந்து தீர்த்ததால் சூப்பர்வைசர் குருசாமி இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறான், "வடிவக்கா ஒண்ணுமே தூக்கலைங்க, சும்மா குனிஞ்சாங்க, வயசாச்சுல்ல."

வயசாச்சுல்ல. வாயில் நன்றாக வருகிறது, சொல்லக் கூடாது. அசையக் கூடாது. பல்லைக் கடித்தால்கூட அசைவதுதானோ என்னவோ. குருசாமி, உனக்கு என்ன வயது? கல்லாப்பெட்டி பக்கத்தில் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிற உனக்கு முதுகு என்று ஒன்று இருப்பதே தெரிந்திருக்காது. அவள் நின்றாள். கடை திறந்ததிலிருந்து சாத்துகிறவரை நின்றாள். நின்றது மட்டுமா, முன்னால் மேஜை, பின்னால் அலமாரி, நடுவில் இவள். அந்தப் பச்சை என்பார்கள், இடுப்பை மட்டும் திருப்பி அடுக்கை இழுப்பாள், கால் அங்கேயேதான் இருக்கும், இடுப்பு மட்டும் திரும்பும், பிறகு குனிந்து விரிப்பாள், நிமிர்வாள், வேற டிசைன் என்பார்கள், மறுபடி திரும்புவாள். டாக்டர் சொன்னாரே, குனிந்துகொண்டு திரும்புவதுதான் ரொம்ப மோசம், அதிலும் பாரத்தோடு திரும்புவது. அதைத்தானே ஐயா நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தேன். கடையில் வேலைக்கு நிற்கிறவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். போட்டதும் ஸ்டூல் வந்தது, வராமல் இல்லை, ஒவ்வொரு கவுண்டருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். வந்த இரண்டாம் நாளே அதில் மடிக்காத சேலையை அடுக்கி வைத்துவிட்டார்கள். உட்காரலாம், யாரும் தடுக்கவில்லை, சேலை இருக்கிறதே என்று சிரித்தான் குருசாமி. இன்னொன்று இருக்கிறது, அதை எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை. பெண்களுக்கான கழிப்பறை நாலாவது மாடியில், குடோனுக்குப் பின்னால். லிஃப்ட் வாடிக்கையாளருக்கு. போக வேண்டுமென்றால் குருசாமியிடம் போய், அத்தனை பேர் நடுவில், ஒரு விரலைக் காட்டாத குறையாக, போய்ட்டு வாரேன் சார் என்று கேட்க வேண்டும். இப்பத்தானே போனீங்க என்பான். அதனால் போவதில்லை. எந்தப் பெண்ணும் போவதில்லை. காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது, மத்தியானம் சோறு விக்கினாலும் ஒரு மடக்கோடு நிறுத்திக்கொள்வது, தீபாவளிக் கூட்டத்தில் அடக்கிக்கொண்டு சிரிப்பது, இதெல்லாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கற்றுக்கொள்கிற தொழில். சேலை மடிக்கக் கற்பதற்கு முன்பே அடக்கக் கற்றுவிடுவார்கள். புதிதாக வருகிற பெண்கள் தவிக்கும்போது சண்முகவடிவுதான் சொல்லிக் கொடுப்பாள். வேற எதையாவது நினைச்சுக்கோ, சேலையோட விலையை மனசுக்குள்ள சொல்லு, போயிரும். வடிவக்கா காலையில வந்தா ராத்திரி வீட்டுக்குப் போயித்தான் போவாங்க என்று பெருமையாகக்கூடப் பேசிக்கொள்வார்கள். பெருமைதான். அதில் ஒரு பெருமை இருக்கத்தான் செய்தது.

சத்தம் நின்றது. நின்றவுடன் காதுக்குள் ஒரு ஓட்டை விழுந்தது போலிருந்தது. முடிந்துவிட்டதோ என்று நினைத்தாள். "நல்லா ஒத்துழைக்கிறீங்கம்மா, இன்னும் கொஞ்சம்தான்" என்றது மைக். அதே மைக்கில் மாப்பிள்ளை சிரிக்கிற சத்தமும் ஓரமாக வந்தது. எதற்குச் சிரிக்கிறார்? அந்தப் பையன் ஏதோ சொல்லியிருப்பான். என் முதுகைப் பார்த்துக்கொண்டு சிரிக்க என்ன இருக்கிறது. டர்ர்ர் என்று அடுத்த சத்தம் ஆரம்பித்தது. கால் எப்படி இருக்கிறது? இடது காலில் இறங்கிக்கொண்டிருந்த மின்னல் முந்தாநாளிலிருந்து கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னாள், எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். குறைந்ததற்கு மாடத்திதான் காரணம் என்று மாடத்தியே சொல்லிக்கொண்டு திரிகிறாள். எதிர்வீட்டு மாடத்தி, தாய் வயிற்றிலிருந்து தலைக்குப் பதில் கால் முதலில் வந்து பிறந்தவள். அப்படிப் பிறந்தவர்கள் மிதித்தால் இடுப்புப் பிடிப்பு விட்டுப்போகும் என்று தெருவே நம்புகிறது, பிடித்துக்கொண்ட இடுப்போடு யார் வந்தாலும் வாசல்படியில் குப்புறப் படுக்க வைத்து மாடத்தி ஏறி மிதிப்பாள், காசு வாங்க மாட்டாள், வெற்றிலை மட்டும் வைக்க வேண்டும். முந்தாநாள் சண்முகவடிவும் படுத்தாள். டாக்டரே ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருந்தார், எடுப்பதற்கு இரண்டு நாள் இருந்தது, அதற்குள் சரியாகிவிட்டால் எதற்கு அந்தச் சனியன் என்று நினைத்தாள். மாடத்தி நல்ல கனம். நட்ட நடு முதுகில் குதிகாலை வைத்து மூன்று தரம் அழுத்தினாள், மூன்றாவது தரம் உள்ளே ஏதோ 'மளுக்' என்றது. "பாத்தியா, ஒக்காந்துட்டு" என்றாள் மாடத்தி. உட்கார்ந்ததா, கிழிந்ததா? உட்கார்ந்த மாதிரிதான் அப்போது இருந்தது. எழுந்து நடந்தாள், வலி பாதியாகிவிட்டது. அதற்கு மறுநாள்தான், நேற்றுத்தான், அந்தப் பாதி வலி இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லாமல் ஆக ஆரம்பித்தது. ஒன்றுமே இல்லை என்றால் நல்லதுதானே. நல்லதா? வலி போவதும் உணர்ச்சி போவதும் ஒன்றா? இதை யாரிடம் கேட்பது. கேட்டால் மாடத்தி மிதித்ததைச் சொல்ல வேண்டும், சொன்னால் டாக்டர் திட்டுவார், மாப்பிள்ளை மகள் சங்கரியிடம் சொல்வார், சங்கரி கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனில் கத்துவாள், உனக்கு அறிவிருக்கா அம்மா என்பாள். ஏண்டி, அறிவிருந்தால் நான் ஏன் அவள் காலடியில் போய்ப் படுக்கிறேன், வலியடி, வலிக்கு அறிவு கிடையாது.

ஆபரேஷன் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் அவளுக்கு உள்ளூர நடுக்கம். முதுகில் கத்தி வைத்தால் படுத்த படுக்கைதான் என்று சொல்லாத ஆள் இல்லை. கடையில், தெருவில், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத ஒரு அம்மாகூட இவள் இடுப்புப் பெல்ட்டைப் பார்த்துவிட்டு, எங்க மச்சினருக்கு இப்படித்தான் என்று ஆரம்பித்து அவர் மூன்று வருஷம் எழுந்திருக்காத கதையைச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கேட்டோமா? டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "பத்துப் பேர்ல ஒன்பது பேருக்கு ஆபரேஷனே வேண்டாம், கொஞ்ச நாள் ரெஸ்ட், மாத்திரை, அப்புறம் பிசியோதெரபி, நடை. படுத்தே கிடக்கவும் கூடாது. தானாகவே பிதுங்கினது கொஞ்சம் கொஞ்சமா வத்திடும்" என்றார். ஒன்பது பேரில் தானும் ஒருத்தி என்று அவள் அப்போதே முடிவு கட்டிவிட்டாள். ஆனால் அதற்கப்புறமும் அவர் ஏதோ சொன்னார். பத்தாவது ஆளைப் பற்றிச் சொன்னார். என்ன சொன்னார்? அந்த இடத்தில் மனசு ஒரு ஆணியில் மாட்டின சேலை மாதிரி இழுக்கிறது, கிழியாமல் எடுக்க முடியவில்லை. அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். டாக்டர் மேஜை, முதுகெலும்பு பொம்மை, நோயாளி ஸ்டூலில் இவள், பக்கத்து நாற்காலியில் மாப்பிள்ளை. எத்தனை நாளா வலி என்று அவளைப் பார்த்துத்தான் டாக்டர் கேட்டார், போன மாசத்துலேருந்து டாக்டர் என்று மாப்பிள்ளை சொன்னார். எந்தப் பக்கம் என்றார், லெஃப்ட் சைடு டாக்டர் என்றார் மாப்பிள்ளை. தும்மினா வலிக்குதா என்றார், வலிக்குதுன்னாங்க டாக்டர் என்றார் மாப்பிள்ளை. நான் எப்போது சொன்னேன் இவரிடம்? சங்கரியிடம் சொன்னேன். அவருக்கு மரியாதை குறைவாகச் சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன், காரை எடுத்துக்கொண்டு லீவு போட்டு வந்திருக்கிறார், கார் கதவைத் திறந்துவிட்டு, தலை இடிக்காமல் கையை வைத்துப் பிடித்துக்கொள்கிறார். அவர் வீட்டுக்கு வந்தால் சண்முகவடிவு அவர் எதிரில் உட்கார்ந்ததில்லை, அவர் சாப்பிட்டு எழுகிறவரை சமையற்கட்டை விட்டு வெளியே வந்ததில்லை, உடம்புக்கு என்ன என்று அவர் கேட்டால் ஒண்ணுமில்லைங்க என்பதைத் தவிர வேறு பதில் சொன்னதில்லை. மாமியார் என்றால் அப்படித்தான். அந்த அறையில் வலியால் உட்கார்ந்ததே அவளுக்குக் கூச்சமாக இருந்தது. அப்போதுதான் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டார்.

எதைக் கேட்டார் என்று இப்போது ஒவ்வொரு சொல்லாக நினைவுக்கு வந்தது. "சிறுநீர் போறதுல ஏதாவது கஷ்டம் இருக்கா? அடக்க முடியாம போறது, இல்ல போகவே வராம இருக்கிறது? உட்கார்ற இடத்துல, தொடைக்கு நடுவுல, மரத்துப்போன மாதிரி இருக்கா?" மாப்பிள்ளை இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லவில்லை. சுவரில் தொங்கின மருந்துக் கம்பெனிக் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார், அதில் என்ன அவ்வளவு அதிசயமோ. சண்முகவடிவு தலையைக் குனிந்துகொண்டு, "அதெல்லாம் ஒண்ணுமில்ல" என்றாள். அன்றைக்கு அது பொய் இல்லை, அன்றைக்கு உண்மையாகவே ஒன்றுமில்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் சொன்னதைக் காது வாங்கிக்கொள்ளவில்லை, கூச்சத்தில் காது அடைத்துப்போய்விட்டது. இப்போது இத்தனை இரைச்சலுக்கு நடுவில், பஞ்சு அடைத்த காதுக்குள், அது தெளிவாகக் கேட்கிறது. "அந்த மாதிரி எப்ப வந்தாலும் அன்னிக்கே வந்துடணும். நாளைக்குப் பார்க்கலாம்னு இருக்கக் கூடாது. அந்த ஒண்ணு வந்தா உடனே ஆபரேஷன்தான், தள்ளிப்போட்டா திரும்பி வராது." திரும்பி வராது என்று எதைச் சொன்னார்? தண்ணீர். காலையில் எழுந்ததும் மாத்திரைக்காக ஒரு செம்புத் தண்ணீர் குடித்தாள். வருகிற வழியில் மாப்பிள்ளை காரை நிறுத்தி இளநீர் வாங்கிக் கொடுத்தார், அவர் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியாமல் முழுசாகக் குடித்தாள். இங்கே வந்து காத்திருந்தபோது காபி. ஸ்கேனுக்கு முன்னால் போய்ட்டு வந்துடுங்கம்மா, நடுவில எழுந்திரிக்க முடியாது என்று நர்சம்மா சொன்னாள். போய் உட்கார்ந்தாள். வரவில்லை. வராவிட்டால் என்ன, எனக்குத்தான் பழக்கம் ஆயிற்றே, காலையிலிருந்து ராத்திரிவரை அடக்கிப் பழகியவளுக்கு அரை மணி நேரம் ஒரு பொருட்டா என்று எழுந்து வந்துவிட்டாள். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. அடக்கினாளா? ஒரு நிமிஷம். அடக்கினால் அடக்குவது தெரியுமே. முட்டும், கடுக்கும், சேலை விலையை மனசுக்குள் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது எதுவும் முட்டவில்லை. ஒரு செம்பு, ஒரு இளநீர், ஒரு காபி, எங்கே போயிற்று? கடைசியாகப் போனது எப்போது? நேற்றுச் சாயங்காலம். அதுவும் சொட்டுச் சொட்டாகத்தான். காரில் வந்தபோது சீட்டில் உட்கார்ந்திருக்கிறோமா இல்லையா என்றே தெரியவில்லை, நல்ல கார், மெத்தென்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாளே. கார் மெத்தென்று இருந்ததா? போன வாரம் இதே காரில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போயிற்றே. பாவி, பாவி, மரத்துப் போனதை மெத்தை என்று நினைத்திருக்கிறாயே. தொடைகளைச் சேர்த்துப் பார்த்தாள், அசையக் கூடாது என்பதையும் மறந்து. ஒரு தொடை இன்னொரு தொடையைத் தொட்டது எங்கோ தூரத்தில் யாருக்கோ நடந்தது மாதிரி இருந்தது.

அமுக்கு. கையில்தான் இருக்கிறதே, அமுக்கு. விரல் உருண்டையைச் சுற்றிக்கொண்டது, அமுக்கவில்லை. அமுக்கினால் அவன் சத்தத்தை நிறுத்துவான், மைக்கில் என்னம்மா என்பான், சொல்ல வேண்டும். அவன் பக்கத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். இந்தக் குழாய்க்குள் பேசுவது அந்த அறை முழுக்கக் கேட்கும். எந்த இடம் மரத்துப்போனது என்று எந்த வார்த்தையில் சொல்வது? அந்த இடத்துக்கு மாப்பிள்ளை முன்னால் சொல்கிற வார்த்தை தமிழில் இருக்கிறதா? முடியட்டும், வீட்டுக்குப் போய்ச் சங்கரியிடம் தனியாகச் சொல்லலாம், அவள் மாப்பிள்ளையிடம் சொல்வாள், மாப்பிள்ளை டாக்டரிடம் சொல்வார், அதற்குள் சாயங்காலம் ஆகிவிடும், டாக்டர் கிளம்பியிருப்பார், நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். நாளைக்கு. திரும்பி வராது. நினைக்க நினைக்க அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பி வந்தது, பயம் என்றுதான் முதலில் நினைத்தாள், அது கோபம். சுத்தமான கோபம். எத்தனை காலம் ஒரு பெண் பிள்ளை இதை அடக்குவது? குருசாமி இருக்கிறான் என்று அடக்கினேன். வாடிக்கையாளர் இருக்கிறார்கள் என்று அடக்கினேன். தண்ணீரை அடக்கினேன், காலை அடக்கினேன், வாயை அடக்கினேன், ஒண்ணுமில்லைங்க ஒண்ணுமில்லைங்க என்று சொல்லிச் சொல்லி இப்போது நிஜமாகவே அங்கே ஒன்றுமில்லாமல் போய்விட்டது. இனி ஆயுசுக்கும் டியூபை மாட்டிக்கொண்டு, பையைப் பக்கத்தில் தொங்கவிட்டுக்கொண்டு கிடந்தால் அப்போது யார் அந்தப் பையைக் காலி செய்வார்கள்? சங்கரி செய்வாள், அதையும் மாப்பிள்ளை பார்க்கத்தான் போகிறார். அப்போது எங்கே போகும் இந்தக் கூச்சம்? ரொம்ப முடியலைன்னா மட்டும் அமுக்கணுமாம். முடியலைடா. ரொம்ப முடியலை. அவள் உருண்டையைப் பிடித்து, பிழிந்து, விடாமல் அமுக்கினாள்.

சத்தம் பொசுக்கென்று நின்றது. "என்னம்மா, மூச்சு முட்டுதா? இன்னும் பத்தே நிமிஷம்தான், கொஞ்சம் பொறுத்துக்கங்களேன்" என்றான். பொறுத்துக்கங்களேன்! "பொறுத்ததுதான்யா தப்பாப் போச்சு" என்றாள் சண்முகவடிவு. தன் குரல் அந்தக் குழாய்க்குள் இடித்துத் திரும்பி வந்தபோது யாரோ பேசுகிறதுபோல் இருந்தது. "எனக்குக் காலையிலேருந்து ஒண்ணுக்கு வரல. வரணும்னு தோணவும் இல்ல. நேத்தைக்கும் சரியாப் போகல. உக்கார்ற இடமெல்லாம் மரத்துப்போய்க் கெடக்கு, தொடைக்கு நடுவுல தொட்டாத் தெரியல. டாக்டர் இது வந்தா அன்னைக்கே சொல்லணும்னாரு. நான் சொல்லுதேன். ரெண்டு நாளைக்கு முன்னால எதிர்வீட்டுக்காரி முதுகுல ஏறி மிதிச்சா, அதையும் எழுதிக்கோங்க." மைக் திறந்தே இருந்தது, நாற்காலி நகர்கிற ஓசை கேட்டது. பிறகு மாப்பிள்ளையின் குரல், ரொம்ப மெல்ல, "அத்தை, இதை நாம வீட்டுக்குப் போயி... சங்கரிகிட்ட..." என்று இழுத்தது. "மாப்ள, வீட்டுக்குப் போக நேரமில்ல. ஒங்களுக்குக் கூச்சமா இருந்தா கொஞ்சம் வெளியே நில்லுங்க. இல்லன்னா அங்ஙனயே இருங்க. எனக்கு இனிமே கூச்சப்பட முடியாது." அவரை மாப்ள என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஸ்கேன்காரன் பேசியபோது அவன் குரல் மாறியிருந்தது, "அம்மா, கடைசி ஒரு படம், ரெண்டே நிமிஷம், அது டாக்டருக்குக் கண்டிப்பா வேணும், அசையாம இருங்க, நான் இப்பவே அவருக்குப் போன் போடச் சொல்றேன்" என்றான். இந்தத் தடவை அவள் அசையாமல் இருந்ததில் அர்த்தம் இருந்தது.

பலகை வெளியே வந்தது. சக்கரக் கட்டிலுக்கு மாற்றிக் கண்ணாடிக்கு அந்தப்புறம் இருந்த அறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அங்கே மாப்பிள்ளை ஒரு கையில் அவளுடைய மூக்குத்தியும் வளையலும் இருந்த காகித உறையோடும், மறு கையில் போனோடும் நின்றுகொண்டிருந்தார். முகம் வேர்த்திருந்தது. வெளியே போகாமல்தான் நின்றிருக்கிறார், அதை அவள் பார்த்துக்கொண்டாள். "டாக்டர், நான் அவங்க மாப்பிள்ளைதான்... ஆமா டாக்டர், ஸ்கேன்லதான் இருக்கோம்... இல்ல, அவங்களுக்கு வந்து... கொஞ்சம்... அந்த... நீங்க அன்னிக்குக் கேட்டீங்களே, அது..." என்று அவர் தடுமாறினார். எல்லாக் கேள்விக்கும் பதில் சொன்ன மனுஷன் இந்த ஒரு வார்த்தைக்கு முன்னால் வழி தெரியாமல் நின்றார். போனில் டாக்டர், என்ன ஆச்சு, சரியாச் சொல்லுங்க சார் என்று அதட்டுவது வெளியே கேட்டது. மாப்பிள்ளை அத்தையைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாக அவர் அவளிடம் கேட்டார். சண்முகவடிவு படுத்தபடியே கையை நீட்டினாள். அவர் போனைக் கொடுத்தார். திறந்திருந்த கதவுக்கு வெளியே வராந்தாவில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் அவள் குரலைத் தாழ்த்தவில்லை.

"ஐயா, நான் சண்முகவடிவு பேசுதேன். அன்னைக்கு நீங்க என்கிட்ட ஒண்ணு கேட்டீங்க, ஒண்ணுமில்லைன்னு சொன்னேன். இப்ப இருக்கு. கேட்டுக்கோங்க."